விட்டவன்

ஒரு நிமிஷம் யாரும் மூச்சு விடக் கூடாது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் அன்சாரி பாய் சொல்லிவிட்டார். அவர் சொன்னது அங்கே, குரல் வந்தது கூரை ஸ்பீக்கரில், அதனால் மேலேயிருந்து யாரோ உத்தரவு போட்ட மாதிரி இருந்தது. மூச்சு விடாதே என்றால் சத்தம் போடாதே என்றுதான் அர்த்தம், இருந்தாலும் மெட்டில்டா அக்கா நிஜமாகவே கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கிறாள். ஏசியை அணைத்தாயிற்று. பிற்பகல் மூன்று மணி, சாலிகிராமத்தில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடி, சுவரெல்லாம் பஞ்சு, நடுவில் ஒரு மைக். அதைச் சுற்றி மூன்று பேர்: குழந்தை அழுகை என்றாலே கூப்பிடப்படும் மெட்டில்டா அக்கா, முப்பது வருஷமாகக் கும்பலுக்குக் குரல் கொடுக்கும் கோதண்டம் சார், அப்புறம் நான், யுகேந்திரன், வயது பத்தொன்பது. வெளிநாட்டுக் கார்ட்டூன் ஒன்றுக்குத் தமிழ்க் குரல் போடுகிறோம். காடு பற்றி எரிந்து மிருகங்கள் ஓடும் காட்சியை இப்போதுதான் முடித்தோம். அதில் நான் மட்டும் இரண்டு குரங்கு, ஒரு நரி, பதினான்கு தவளை. இனி பாய்க்கு வேண்டியது இந்த அறையின் மௌனம். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் ஒட்டுப்போட அது தேவைப்படுமாம். அதை ஆளில்லாத அறையில் எடுக்க மாட்டார். ஆள் இல்லாத ரூம் மௌனம் வேற, ஆள் நிக்கிற ரூம் மௌனம் வேறடா, கொடியில தொங்குற சட்டையும் ஆள் போட்ட சட்டையும் ஒண்ணா, என்பார், தொண்டையில் பாதி வெற்றிலையை ஒதுக்கிய மாதிரி ஒரு குரலில், நான் அதை அப்படியே செய்வேன். சிவப்பு விளக்கு எரிகிறது. எனக்குக் கொடுத்திருக்கும் வேஷம் ஒன்றுமில்லாதது. குக்கர் எனக்கு வரும். மாநகராட்சிக் குப்பை வண்டி வரும். கிளம்பாத ஸ்கூட்டர், கிளம்பிய பிறகு அதன் மேல் உட்கார்ந்திருக்கும் மாமா, மாமாவை முந்திப் போகிறவனின் வசவு, எல்லாம் வரும். போன வாரம் டைரக்டர் ஹேமா மேடம் குரலில் "டீ பிரேக்" என்று சொல்லி மொத்த ஸ்டூடியோவையும் கீழே அனுப்பிவிட்டு மேடம் நாற்காலியில் சுற்றிச் சுற்றி உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமில்லாததுதான் இதுவரை யாரும் கேட்டதில்லை.

வலது கை தானாகப் பாக்கெட்டுக்குக் கிளம்புகிறது. போகாதே. துணி உரசினால் பாய் காதில் லாரி ஓடும். அது உள்ளேதான் இருக்கிறது, மாம்பழ வாசனை மின் சிகரெட், கட்டைவிரல் நீளத்துக்கு, தொடைச் சூட்டில் வெதுவெதுவென்று, ஓடிப் போய்விடாது. கடைசியாக இழுத்தது ஒன்று முப்பத்தைந்துக்கு, பாத்ரூமில், குழாயைத் திறந்துவிட்டு, சட்டைக் காலருக்குள் ஊதி. ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கண்ணுக்குப் பின்னால் ஏதோ ஒன்று கொட்டாவி விடுகிறது. யாரும் தப்பாக நினைக்க வேண்டாம், நான் விட்டவன். சிகரெட்டை விட்டு எட்டு மாசம். ஒரு நாளைக்கு ஒன்பது பிடித்தவன், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விட்டேன், அன்றிலிருந்து ஒன்று தொட்டதில்லை, ஒரு இழுப்புக் கூட இல்லை, டீக்கடையில் நண்பர்கள் நீட்டினால் தியேட்டரில் படத்துக்கு முன்னால் எச்சரிக்கை சொல்கிற அந்த ஆளின் குரலில், இந்த நகரத்துக்கு என்ன ஆச்சு என்கிற துக்கம் தொண்டையில் அடைக்க, வேண்டாம் நண்பா என்பேன், சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொள்வார்கள். அது என் வெற்றி. அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. பிடுங்கப் பார்க்கிறவள் என் அக்கா தேன்மொழி. அவளுக்கு இதற்கென்று மூக்கிலிருந்து ஒரு குரல் வரும்: "நீ எங்கடா விட்டே? முன்னாடி பத்த வெச்சு விட்டே, இப்ப சார்ஜ் போட்டு விடறே." தமிழில் இந்த வார்த்தையே ஒரு சனியன். விடுவது என்றால் கைவிடுவது, விடுவது என்றால் வெளியே விடுவதும்தான். புகையை விட்டேன் என்று எவன் சொன்னாலும் இரண்டு பக்கமும் உண்மை. நான் அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் குடித்தனம் நடத்துகிறேன், அதிலென்ன தப்பு. அம்மாவிடம் விட்டுட்டேம்மா என்று சொன்ன அன்றைக்குத் தெருமுனைப் பிள்ளையாருக்குப் பதினோரு தேங்காய் உடைத்தாள். பத்து சுக்குநூறானது, பதினொன்றாவது உடையாமல் உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது, அதையும் எடுத்துக் கழுவி, முந்தானையை இடுப்பில் செருகி, இன்னொரு தடவை ஓங்கிப் போட்டாள். அதற்கு அப்புறம் எந்த வாயால் போய், அம்மா, ஒரு சின்னத் திருத்தம், என்று சொல்வது.

விளக்கு அணைந்தது. கேட்டுப் பார்க்கலாம் என்றார் பாய், போட்டார். நாங்கள் நின்ற நிமிஷம் ஸ்பீக்கரில் திரும்ப ஓடியது, பெரிதாக, ஒரு காலி அண்டாவுக்குள் தலையை விட்டது போல. அதற்குள் ஒரு விசில். மெல்லிசாக, நூல் மாதிரி, வருவதும் போவதுமாக. "யாருப்பா அது, பொம்மை வாத்தை மெதுவா மிதிக்கிறது?" என்றார் பாய். மெட்டில்டா அக்கா சிரித்தாள், நான் சிரித்தேன், சிரித்தபடியே எல்லாரும் கோதண்டம் சாரைப் பார்த்தோம். அவருக்கு ஆஸ்துமா. அது இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யாது என்பதைப் போல எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவரும் குனிந்து தன் மார்பைப் பார்த்தார், அங்கே யாரோ இருப்பது போல. "நானாத்தான் இருக்கும் பாய். காலையில மருந்து இழுத்தேன், இருந்தாலும் பாருங்க." "கோச்சுக்காதீங்க சார், ஒரே ஒரு நிமிஷம் வெளியே நில்லுங்க." "இதுல கோச்சுக்க என்ன இருக்கு." செருப்பில்லாத காலோடு போனார், உள்ளே யாரோ தூங்குகிற மாதிரி கதவைச் சாத்தினார். "கோதண்டம் சார் மாடி ஏறுகிறார்" என்பது டீக்கடையில் என்னுடைய ஐட்டம். முதல் பத்துப் படி வீரமாக, அடுத்த பத்துப் படி நியாயமாக, அப்புறம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பழைய ஹார்மோனியம். கேட்கிறவர்களில் அதிகமாகச் சிரிப்பது அவர்தான். இந்தக் காரியத்தில் இன்னொரு சௌகரியமும் கண்டுபிடித்திருக்கிறேன். பஸ்ஸில் கடைசி சீட்டில் குனிந்து ஒரு இழுப்பு இழுத்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர் என்னப்பா அது என்றார், உடனே கோதண்டம் சார் மூச்சை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு, மருந்து அங்கிள், சின்ன வயசிலேர்ந்தே இருக்கு, என்றேன். அவர் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு விடவில்லை, கோயம்பேடு வரைக்கும் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.

இரண்டாம் தடவை. ஹெட்போனை மாட்டிக்கோ யுகி, எங்கேயிருந்து வருதுன்னு நீ காது வெச்சுப் பாரு, உன் காது நல்ல காது, என்றார் பாய். மாட்டிக்கொண்டேன். சிவப்பு. இப்போது என் காதுக்குள் இந்த அறையே இருக்கிறது. மெட்டில்டா அக்காவின் வளையல் ஒன்று இன்னொன்றோடு தொட்டுக்கொள்கிறது. பஞ்சுக்குப் பின்னால் ஒரு பல்லி யோசிக்கிறது. கை திரும்பவும் கிளம்புகிறது. இரு. சிகரெட்டில் ஒரு மரியாதை இருந்தது, அது முடிந்துவிடும். தீப்பெட்டி வேண்டும், டீக்கடை வேண்டும், ஐந்து நிமிஷம் வேண்டும், பஞ்சு வரைக்கும் வந்தால் விரல் சுடும், போடா போய் வேலையைப் பாரு என்று அதுவே சொல்லி அனுப்பிவிடும். இது அனுப்பாது. இதற்கு நுனியும் இல்லை அடியும் இல்லை. காலையில் கண் திறப்பதற்கு முன்னால் கை தேடும், பல் தேய்க்கும்போது ஒரு கடவாயில் பிரஷ், இன்னொரு கடவாயில் இது. எத்தனை இழுப்பு என்று எண்ணிப் பார்த்தேன் ஒரு நாள், முந்நூற்றுப் பத்தில் எண்ணுவதை விட்டேன், எண்ணுவதை மட்டும். சும்மாவா இருந்தேன், எல்லாம் செய்து பார்த்தேன். சிக்னலுக்குச் சிக்னல்தான் என்று சட்டம் போட்டேன், அப்புறம் சிக்னல் அதிகமுள்ள ரூட்டாகப் பார்த்துப் போனேன். ஏழு ரப்பர் பேண்ட் சுற்றி வைத்தேன், ஏழையும் அவிழ்ப்பதற்குள் புத்தி வரட்டும் என்று. மூன்றாம் நாள் ஏழையும் ஒரே கையால் பாக்கெட்டுக்குள்ளேயே அவிழ்க்கப் பழகிவிட்டேன், இதற்கு ஒரு போட்டி வைத்தால் மாவட்ட அளவில் வருவேன். அரிசி டிரம்மில் புதைத்தேன். அன்றைக்குச் சோறு மாம்பழ வாசனை அடித்தது. அம்மா ஏற்கெனவே ஒரு மாதமாக மாம்பழம் தேடிக்கொண்டிருந்தாள். கார்த்திகை மாசத்தில் வீட்டில் மாம்பழ வாசனை வந்தால் எந்த அம்மாதான் சும்மா இருப்பாள். என் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். "எங்கடா ஒளிச்சு வெச்சிருக்கே? தனியாத் தின்னா வயித்த வலிக்கும், சொல்லிட்டேன். அப்பாவுக்கு ஒரு துண்டு குடுத்தா என்ன குறைஞ்சா போயிடுவே?" நானும் சேர்ந்து தேடினேன். அவளோடு சேர்ந்து அலமாரியைத் திறந்து, ஆமாம்மா, எங்கேயிருந்தோ வருது பாரேன், என்று அவள் குரலிலேயே அவளிடம் சொன்னேன், முதுகில் ஒன்று போட்டாள். ஈ. வந்துவிட்டது. அதே நூல் விசில். கோதண்டம் சார் கதவுக்கு வெளியே நிற்கிறார், இது உள்ளே வருகிறது. பல்லி இல்லை. மெட்டில்டா அக்காவின் கன்னம் உப்பியபடியே இருக்கிறது, அவளும் இல்லை. நான் மூச்சை விடும்போது முடிகிற இடத்தில், கடைசிச் சொட்டில், ஈ. இழுத்தேன், நின்றது. விட்டேன், ஈ. என்னிடம் ஏதாவது குரல் இருந்தால் அது எனக்குத் தெரியும், நான் வைத்திருக்கிற ஒவ்வொன்றும் எங்கே எடுத்தேன், யாரிடம் எடுத்தேன், எத்தனை நாள் பழகினேன் என்று சொல்வேன். இதை நான் எடுக்கவில்லை. இது எப்போது உள்ளே வந்தது. யாரைக் கேட்டு வந்தது. ஒரு மாசமா, இரண்டு மாசமா, ராத்திரி நான் தூங்கும்போது பழகிக்கொண்டிருந்ததா.

விளக்கு அணைந்தது. இன்னும் வருதே என்றார் பாய். நான் வாயைத் திறந்தேன், அதற்குள் ஹேமா மேடம் குரல் வந்தது. அவர் தட்டச்சுப் பொறி மாதிரி பேசுவார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் மணி அடிக்கும். "அவர் கதவுக்கு வெளியத்தானே நிக்கிறார், அதான் வருது. கீழே போகச் சொல்லுங்க. பாய், அடுத்த வாரத்திலேர்ந்து கோதண்டம் சார் வேணாம். வயசாச்சு பாவம், வீட்ல இருக்கட்டும். யுகி கிட்டத்தானே அவரோட குரல் எல்லாம் இருக்கு, அவனே போட்டுருவான்." டிங். இதைக் கண்ணாடிக்கு உள்ளே பேசுவதாக நினைத்துப் பேசினார், எங்கள் ஸ்பீக்கருக்குப் போகும் பட்டனில் கை இருந்தது தெரியாது. மெட்டில்டா அக்கா தரையைப் பார்த்தாள். பாய் வெளியே போய்ச் சொல்லியிருப்பார் போல, மாடிப்படியில் சார் இறங்கும் சத்தம், செருப்பு போட்டுக்கொண்டு இறங்குகிறார், இறங்கும்போது அவருக்குச் சத்தமே வராது, ஏறும்போதுதான். அவருக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் அப்படியேதான் இறங்குவார். கார்ட்டூனில் வரப்போகிற நீர்நாய் பாத்திரத்துக்கு என்னைத்தான் யோசிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கும்பலில் இல்லை, தனியாக, பெயரோடு, ஐம்பத்திரண்டு எபிசோடு. போன வாரம் மேடம் என் நீர்நாய்ச் சிரிப்பைக் கேட்டுவிட்டு ம் என்றார், அவர் ம் என்பது மற்றவர்கள் மாலை போடுவதற்குச் சமம். நெஞ்சில் விசில் இருக்கிறவனுக்கு யார் நீர்நாய் தருவார்கள். தண்ணிக்குள் முங்கினால் குமிழி வர வேண்டும், பொம்மை வாத்து வரக் கூடாது. அதனால் என்ன, நானா அவரை வேண்டாமென்றேன். நான் ஒரு வார்த்தை பேசினேனா. பேசவில்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் இவ்வளவு நேரமாகப் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள்.

"கடைசி தடவை," என்றார் பாய். "ரோலிங்." சிவப்பு. இப்போது செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். நிஜமாகவே மூச்சை அடக்கிவிட வேண்டியதுதான். அறுபது விநாடி. விசில் வராது, மௌனம் சுத்தமாக இருக்கும், பாத்தீங்களா அவர்தான் என்பார்கள், முடிந்தது, கீழே போய் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம். அடக்கினேன். ஒன்று. இரண்டு. பள்ளிக்கூடத்தில் நான் ஒன்றரை நிமிஷம் அடக்குவேன், நீச்சல் குளத்தில் செத்தவன் மாதிரி மிதந்து வாத்தியாரைக் குதிக்க வைத்தவன். பத்து. பதினொன்று. கை பாக்கெட்டுக்குப் போகவில்லை, ஆச்சரியம், காற்றே இல்லாதவனுக்கு மாம்பழக் காற்று எதற்கு. பதினெட்டு. தேன்மொழி மூக்கு வழியாக, இப்ப எங்கடா விட்டே, என்கிறாள். போடி. இருபத்தொன்று. அந்தப் பஸ் பெரியவர் முதுகைத் தடவுகிறார், சின்ன வயசிலேர்ந்தே இருக்கா தம்பி, இல்லை அங்கிள், எட்டு மாசமாகத்தான், அப்ப எந்திரி, என் சீட்டைக் கொடு. இருபத்தைந்து. முன்னேயெல்லாம் இருபத்தைந்தில் எனக்கு வேர்க்காது. காதில் இரத்தம் தண்ணீர் லாரி மாதிரி ஓடுகிறது. இருபத்தொன்பது. கோதண்டம் சார் கீழே வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருப்பார், எப்போது கூப்பிடுவார்கள் என்று. அவருடைய குரல் எல்லாம் என்னிடம் இருக்கிறது. மேடம் சொன்னது சரிதான், சந்தைக் கூட்டத்துக் கிழவர், கல்யாணத்தில் ஜமக்காளம் கேட்கிறவர், ஊர்வலத்தில் நடுவரிசை, எல்லாம் அவரிடம் எடுத்ததுதான். அவர் எதையும் என்னிடமிருந்து எடுத்ததில்லை. இப்போது என் விசிலையும் அவர் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறேன். முப்பத்தைந்து. ஏன் அடக்க வேண்டும். யாருக்காக இந்த நாடகம். பாத்ரூமில் குழாயைத் திறந்து, காலருக்குள் ஊதி, டிரம்முக்குள் புதைத்து, அம்மாவோடு சேர்ந்து மாம்பழம் தேடி, இப்போது மூச்சையும் ஒளித்து வைக்கணுமா. நான் என்ன திருடனா. என் நெஞ்சு, என் விசில். வந்தது வந்துவிட்டது, வந்தது என்னுடையதுதான், வேறு யாருக்கும் இதைத் தர மாட்டேன். மைக்குக்குக் கிட்டே போனேன். ஒரு அடி. இன்னொரு அடி. நாற்பத்தொன்றில் வாயை அகலத் திறந்து விட்டேன்.

ஈ என்று இல்லை, ஈஈஈ என்று வந்தது, கிழிந்த ஹார்மோனியம், மூடாத ஜன்னல், கொதிக்கிற பாத்திரத்தின் மூடி. இன்னொரு தடவை இழுத்து இன்னொரு தடவை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாய் ஹெட்போனைக் காதிலிருந்து பிய்த்து எடுப்பது தெரிந்தது. அப்புறம் ஸ்பீக்கரில் சிரிப்பு. பாய் சிரிக்கிறார், மேடம் கூடச் சிரிக்கிறார். "டேய், நேரம் காலம் இல்லையாடா உனக்கு? அச்சு அசல் கோதண்டம் சார்." மெட்டில்டா அக்கா என் தோளில் அடித்தாள். "பாவம்டா அந்த மனுஷன், இப்பத்தான் இறங்கிப் போனாரு, அதுக்குள்ள உனக்கு ஐட்டமா?" "சார் இல்லைக்கா. நான்." "நீதான்னு தெரியுது, கண்ணு முன்னாடிதானே நிக்கிறே." "மேடம், முதல்லேர்ந்து நான்தான். மூணு தடவையும்." "ஆமாமா, நீதான், போன வாரம் டீ பிரேக் விட்டதும் நீதான். போதும் யுகி, நல்லா இருந்துச்சு. இப்ப நிறுத்து." டிங். நான் ஒன்றும் செய்யவில்லை. கையைக் கீழே தொங்கவிட்டபடி சும்மா நின்றேன். அது வந்துகொண்டே இருந்தது. "யுகி, நிறுத்துன்னேன்." "நிறுத்த முடியலை மேடம்."

ஸ்பீக்கரில் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. மைக்குக்கு முன்னால் என் நெஞ்சு மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பாக்கெட்டிலிருந்து அதை எடுத்தேன், துணி நன்றாக உரசட்டும் என்று மெதுவாக எடுத்து, வசனத் தாள் வைக்கும் ஸ்டாண்டின் மேல் வைத்தேன். மெட்டில்டா அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பாய் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். நீர்நாய் போனது, போகட்டும். மேடம் மணி அடிக்காத ஒரு வாக்கியம் பேசினார். "எவ்வளவு நாளா?" "சிகரெட்டை விட்டதுலேர்ந்து மேடம்." அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். "சரி," என்றார் பாய், "கோதண்டம் சாரைக் கூப்பிடணும்." "நான் போறேன் பாய்." "போன்ல கூப்பிட்டுக்கறேன், நீ இரு." "இல்லை, நான்தான் போகணும்." கதவைத் திறந்தேன், சாத்தவில்லை. செருப்பைத் தேடவில்லை. மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக இறங்கினேன், முதல் மாடியில் ஒரு எடிட்டிங் ரூம், அங்கே ஒரு ஆள் தலையை வெளியே நீட்டி, "என்னப்பா சத்தம்?" என்றார். "என் நெஞ்சுதான்," என்று சொல்லிவிட்டுப் போனேன். கீழே ஸ்டூலில் கோதண்டம் சார் எழுந்து நிற்கிறார், காதை என் பக்கம் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, தொழில் தெரிந்தவர் கேட்பது போலக் கேட்கிறார். ஒவ்வொரு படிக்கும் ஒரு ஈ. அடக்கவில்லை. கேட்கட்டும்.